‘நம்ம ஊரு’ ஜிலேபிக் கெண்டைக்கு எந்த ஊர்? - ஆயக்குடி டு கொடைக்கானல், ஒரு மீன் பயணம்!

வரதமாநதி அணையில் தண்ணீர் இறங்கியிருந்தது. கரையோரச் சேற்றில் வட்ட வட்டமாகக் குழிகள். ஒன்றிரண்டு இல்லை, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. சில குழிகள் சாப்பாட்டுத் தட்டு அளவு, சில முறம் அளவு. யாரோ அளவெடுத்து வெட்டி வைத்ததுபோல அத்தனை ஒழுங்கு.

செல்போனில் படமெடுத்து எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். “நிலாவுக்குப் போயிட்டியா?” என்று ஒரு பதில். “எருமை புரண்ட இடம்” என்று இன்னொன்று.

பக்கத்தில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த அண்ணன் என் போனை எட்டிப் பார்த்துச் சிரித்தார். “அது ஜிலேபி வீடு பாப்பா. ஆம்பள மீனு வாயால மண்ணை அள்ளி அள்ளித் துப்பிக் குழி பறிக்கும். பொம்பள மீனு அதுல வந்து முட்டை போடும். தண்ணி வத்துனா வீடெல்லாம் வெளிய தெரிஞ்சுபோகுது.”

அணைக்குப் பின்னால் பழனி மலை பச்சைச் சுவராக நிற்கிறது. முன்னால் நூற்றுக்கணக்கான மீன் வீடுகள். ஜிலேபிக் கெண்டையை நான் நூறு தடவை சாப்பிட்டிருப்பேன். அது ஒரு கரையையே இப்படி மாற்றி வைத்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொய்யாவுக்காகப் போன கதை

உண்மையில் நான் ஆயக்குடிக்குப் போனது மீனுக்காக இல்லை. “கொய்யா சந்தையை ஒரு வீடியோ எடுத்துட்டு வா” என்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. பழனியிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் சில கிலோமீட்டர் போனால் ஆயக்குடி. சுற்றிலும் கொய்யாத் தோப்புகள். விடிவதற்கு முன்பே கூடை கூடையாகப் பழம் சந்தைக்கு வந்து இறங்கிவிடும். என் அம்மாச்சி வீடும் அங்கேதான் என்பதால், வேலையோடு வேலையாக இரண்டு நாள் தங்கலாம் என்று கிளம்பினேன்.

சந்தை வீடியோவை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போனால், அம்மாச்சி திண்ணையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

“என்ன மீன் அம்மாச்சி?”

“வேற என்ன கிடைக்குது? ஜிலேபிதான். அயிரை கேட்டா விலையைச் சொல்லி விரட்டுறான்.”

அப்புறம் கேட்காமலேயே விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். “அயிரை, ஆரா, குரவை, உளுவை, விரால், விலாங்கு, நாட்டுக் கெளுத்தி, பனையேறிக் கெண்டை, சேல்... கோடையில குளம் வத்துனா ஊரே எறங்கும் கண்ணு. அவனவன் ஊத்தாக்கூடை, தூரி எல்லாம் தூக்கிட்டு வருவான். ஒரே மடியில பத்துச் சாதி மீனு இருக்கும். இந்த ஜிலேபியெல்லாம் நான் கல்யாணம் ஆகி வந்த பிற்பாடு வந்த மீனு.”

அந்தக் கடைசி வரிதான் என்னை நிறுத்தியது. வந்த மீனா? ஜிலேபி நம்ம ஊர் மீன் இல்லையா?

மண்டபத்தில் இறங்கிய விருந்தாளி

இல்லை. அன்றிரவு போனில் தேடித் தேடிப் படித்தேன். நம் ஊர்க் குளத்தில் துள்ளும் இந்த மீனின் சொந்த ஊர், தென்கிழக்கு ஆப்பிரிக்கா. மொசாம்பிக் திலேப்பியா என்று பெயர். திலேப்பியா நம் நாக்கில் உருண்டு புரண்டு ஜிலேபி ஆகிவிட்டது. கூடவே ‘கெண்டை’ என்று ஒரு குடும்பப் பெயரையும் கொடுத்துவிட்டோம். கெண்டை இனத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆப்பிரிக்காவை விட்டு அது கிளம்பிய கதையே ஒரு புதிர். 1939-ல் இந்தோனேசியாவின் ஜாவா தீவில் முஜாயிர் என்பவர் கடலோர உப்பங்கழியில் இந்த மீனைக் கண்டெடுத்து, குளத்தில் வளர்க்கத் தொடங்கினார். அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. ஆனால், அந்த நாட்டில் இந்த மீனுக்கு இப்போதும் அவர் பெயர்தான்.

அங்கிருந்து ஆசியா முழுக்கப் பரவியது. இந்தியாவில் அது முதன்முதலாக இறங்கியது நம் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில். ஆண்டு 1952. பாங்காக்கிலிருந்தும், பிறகு இலங்கையிலிருந்தும் மண்டபத்தில் இருந்த மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். சுதந்திரம் கிடைத்து 5 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நாடு முழுக்க உணவுப் பற்றாக்குறை. தீனி போடாமலேயே வளர்கிறது, நல்ல தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும் பிழைக்கிறது, வேகமாகப் பெருகுகிறது என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஏழை வீட்டுத் தட்டில் மீன் விழ வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் குளம் குளமாக, அணை அணையாக விட்டார்கள்.

7 ஆண்டுகளில் விஷயம் புரிந்துவிட்டது. 1959-ல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு, இனி இந்த மீனைப் பரப்பக் கூடாது என்று தடை போட்டது. ஆனால், மீனுக்குத் தடை உத்தரவைப் படிக்கத் தெரியாதே! வாய்க்கால், வெள்ளம், தூண்டில்காரரின் வாளி என்று கிடைத்த வழியெல்லாம் அது போய்க்கொண்டே இருந்தது.

வாயில் குழந்தை வளர்க்கும் தாய்

மறுநாள் காலையில் மாமாவை அரித்தெடுத்து பைக்கில் கிளம்பி, முதலில் நின்ற இடம்தான் வரதமாநதி அணை. குழிகளைக் காட்டிய மீனவர் அண்ணனிடம், “இது மட்டும் எப்படி இத்தனை பெருகுது?” என்று கேட்டேன். வலையிலிருந்து ஒரு பெண் மீனை எடுத்து, அதன் வாயை மெதுவாகத் திறந்து காட்டினார். உள்ளே மஞ்சள் மஞ்சளாக முட்டைகள்!

குழியில் முட்டை போட்டதும் தாய் மீன் எல்லாவற்றையும் வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். குஞ்சு பொரித்து, தானாக நீந்தும் வரை வாய்தான் தொட்டில். அதுவரை பெரும்பாலும் பட்டினி. வெளியே விட்ட குஞ்சுகள் ஆபத்து என்றால் மறுபடி ஓடிவந்து அம்மா வாய்க்குள் புகுந்துகொள்ளும். பிறந்த மூன்று நான்கு மாதத்திலேயே அந்தக் குஞ்சும் முட்டையிடத் தயாராகிவிடும்.

நம் ஊர்ச் சேல் போன்ற மீன்களின் கதை வேறு. மழை பெய்து, புதுவெள்ளம் வந்து, அந்த ஓட்டத்தை எதிர்த்து ஏறிப் போய்த்தான் முட்டையிடும். ஆண்டுக்கு ஒரு பருவம். முட்டையைக் காவல் காக்கவும் ஆள் கிடையாது. ஆற்றை மறித்து அணை கட்டினோம், ஓட்டம் நின்றது, ஏறிப் போகும் வழி அடைபட்டது. நின்ற தண்ணீரும் மேடான சேற்றுக் கரையும் ஜிலேபிக்கு வாய்த்த வீடாகிவிட்டன. அது பாசியையும் பூச்சியையும் தின்னும். அடுத்த மீனின் முட்டையையும் குஞ்சையும் விட்டு வைக்காது. கரையோரத்தில் குழி பறித்த ஆண் மீன், பக்கத்தில் யாரையும் அண்ட விடாது.

பழியை எல்லாம் ஜிலேபி தலையில் போடுவதும் நியாயம் இல்லை. அணை, மணல் கொள்ளை, பூச்சிமருந்து, சாக்கடை... நாம் செய்தது நிறைய. அதோடு, மீன்வளத்துக்காக நம் அணைகளில் விடப்படும் கட்லா, ரோகு, மிருகால்கூட வடக்கத்தி ஆறுகளின் மீன்கள்தான். நாம் கெடுத்து வைத்த தண்ணீரில் தாக்குப்பிடிக்கத் தெரிந்த மீன், ஜிலேபி.

“அப்ப ஜிலேபி இல்லாம இருந்தா நல்லதுங்களாண்ணே?” என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “என் புள்ளைங்க படிக்கிறதே இதுலதான் பாப்பா. அது இல்லைன்னா வலையில என்ன விழும்?”

எனக்குப் பதில் வரவில்லை.

அருவிதான் வேலி

அணையைத் தாண்டினால் மலைப்பாதை. பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு 64 கிலோமீட்டர். வத்தலக்குண்டு பாதையைவிட இங்கே கூட்டம் குறைவு, காடு அதிகம். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வந்தது. பாதி வழியில், சாலையோரப் பாலத்துக்கு அடியில் ஓடை சத்தம் கேட்க, வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

பாறைகளுக்கு நடுவில் ஒரு சிறு மடு. அடிமணல் தெரியும் அளவுக்குத் தெளிந்த தண்ணீர். முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஐந்து நிமிடம் அசையாமல் பாலத்தின் மேலிருந்து பார்த்தேன். பிறகு ஒவ்வொன்றாக வந்தன. உடம்பில் நீலக் கோடு ஓடும் விரல் நீள மீன்கள், ஓட்டத்தை எதிர்த்து அப்படியே நிற்கின்றன. பாறையில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி மேயும் சின்ன மீன்கள். மணலோடு மணலாக ஏதோ ஒன்று சட்டென்று நகர்ந்து மறைந்தது. ஒரு ஜிலேபிகூட இல்லை.

காரணம் எளிமையானது. ஜிலேபியால் அருவி ஏற முடியாது. கீழே அணை வரை வந்த மீனுக்கு, செங்குத்தான பாறைகள்தான் வேலி. வேகமான ஓட்டமும் குளிர்ந்த தண்ணீரும் அதற்கு ஒத்துவராது. ஆக, அம்மாச்சி காலத்துத் தண்ணீர் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால், இப்படி அருவிக்கு மேலே வந்துதான் பார்க்க வேண்டும்.

சற்று மேலே ஒரு டீக்கடை. கடைக்கார ஐயாவிடம் மீன்களைப் பற்றிச் சொன்னேன். “அது திங்கிற மீனு இல்லம்மா, பாக்கிற மீனு” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னார். “தோட்டத்துல பண்ணைக்குட்டை வெட்டியிருக்கேன். கீழருந்து ஒரு வாளி ஜிலேபிக் குஞ்சு கொண்டாந்து விடலாம்னு இருக்கேன். வீட்டுக்கு ஆகும்ல?”

“குட்டை நிறைஞ்சா தண்ணி எங்க போகும் ஐயா?”

“எங்க போகும்? இந்த ஓடைக்குத்தான்.”

மாமா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பல்லாயிரம் ஆண்டுகளாக அருவி போட்டு வைத்த வேலி. அதைத் தாண்ட ஒரு வாளி போதும். அந்த வாளியும் கெட்ட எண்ணத்தில் வருவது இல்லை. 1952-ல் மண்டபத்துக்கு வந்ததுபோலவே, “வீட்டுக்கு ஆகும்” என்ற நல்ல மனசோடுதான் வருகிறது.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அணைக்கரைக் குழிகளின் படத்தைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “ஒரு மீனா இத்தனையும் பறிச்சுது?” என்றார். “அப்ப வேற என்னத்த விடுறது?” என்றும் கேட்டார். நிரம்பி வழியாத குட்டையா, வெளியேறும் வாயில் நெருக்கமான வலை உண்டா என்று பார்க்காமல் எதையும் விடக் கூடாது, மீன்வளத்துறையில் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றேன். “யோசிப்போம்மா” என்றார். அவ்வளவுதான் வாங்க முடிந்தது.

ஏரி மேலே... ஏரி கீழே

பெருமாள்மலையில் வத்தலக்குண்டு சாலையோடு சேர்ந்து, மதியம் கொடைக்கானல் ஏரிக்கரையில் இருந்தோம். சைக்கிள், குதிரை, சோளக்கதிர், செல்ஃபி. எதுவும் மாறவில்லை.

இந்த நட்சத்திர வடிவ ஏரியை இயற்கை ஏரி என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த வேரே லெவிஞ்ச், சதுப்பில் ஓடிய ஓடையை மறித்துக் கட்டியது இது. சுமார் 60 ஏக்கர். அதில் விட முதல் படகுகளைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார் என்பார்கள்.

கரையில் தூண்டில் போட்டிருந்த ஒரு பையன், என் கண் முன்னாலேயே ஒரு மீனை இழுத்தான். தங்க நிறத்தில் பெரிய செதில், உதட்டோரம் குட்டி மீசை. சாதாக் கெண்டை, அதாவது காமன் கார்ப். ஐரோப்பாவும் ஆசியாவும் அதன் பூர்வீகம். தமிழ்நாட்டு மலைகளுக்கு அது வந்தது ஜிலேபிக்கும் முன்பே. 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவந்தார்கள். ஜிலேபி கரையில் குழி பறிக்கும் என்றால், இது அடிச் சேற்றைக் கிண்டிக் கிண்டி இரை தேடும். நீர்ச்செடிகளின் வேர் பெயரும், தண்ணீர் கலங்கும்.

உலகின் மிக மோசமான 100 அயல் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் 8 மீன்கள் இருக்கின்றன. ஜிலேபியும் சாதாக் கெண்டையும் அதில் உண்டு. நீலகிரி ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் தூண்டில் விளையாட்டுக்காக விட்ட ரெயின்போ டிரவுட்டும் உண்டு. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950-களில் விட்ட நைல் பெர்ச் என்ற மீனும் உண்டு. அந்த ஒரு மீன் பெருகியதில், அந்த ஏரியில் மட்டுமே வாழ்ந்த நூற்றுக்கணக்கான சிறு மீன் இனங்கள் காணாமல் போயின.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நம் குளங்களை நிரப்பிய மொசாம்பிக் திலேப்பியா, தன் சொந்த ஊரில் இன்று அழியும் ஆபத்தில் உள்ள மீன்! அங்கே மனிதர்கள் கொண்டுபோய் விட்ட நைல் திலேப்பியா அதனோடு கலந்து, அதன் இனத்தையே கரைத்துக்கொண்டிருக்கிறது. இங்கே நம் மீன்களுக்கு அது வந்தேறி. அங்கே இன்னொரு வந்தேறியிடம் அது தோற்றுக்கொண்டிருக்கிறது. மீன்மேல் தப்பே இல்லை. ஒவ்வொரு முறையும் வாளியைத் தூக்கியது மனிதன்.

திரும்பும்போது வெள்ளி நீர்வீழ்ச்சியில் நின்றோம். 180 அடி உயரம், எப்போதும் கூட்டம். கொடைக்கானல் ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் இங்கே அருவியாக இறங்குகிறது. எல்லோரும் மேலே பார்த்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு டீக்கடை ஐயாவின் குட்டைதான் ஞாபகம் வந்தது. கீழிருந்து ஏற முடியாத மீன், மேலிருந்து இறங்கிவிடும். அருவி ஒரு பக்கத்து வேலிதான்.

அம்மாச்சியின் பட்டியல்

இருட்டிய பிறகுதான் ஆயக்குடி வந்து சேர்ந்தோம். வீட்டில் ஜிலேபி வறுவல் மணந்தது. பசியில் எல்லா ஆராய்ச்சியும் பறந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டே பார்த்த கதையை எல்லாம் சொன்னேன்.

“வெளியூர்லருந்து வந்ததெல்லாம் கெட்டதாடி?” என்று கேட்டார் அம்மாச்சி. “நம்ம கொய்யா?”

சரியான கேள்வி. ஆயக்குடிக்கே பேர் வாங்கிக் கொடுத்த கொய்யாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். மிளகாயும் அப்படித்தான், அது இல்லாமல் இந்த வறுவலே இல்லை. ஆனால், எங்கள் ஊரில் கொய்யா, நட்ட தோப்பில் நிற்கிறது. வேண்டாம் என்றால் வெட்டிவிடலாம். தண்ணீரில் விட்ட மீனைத் திரும்பக் கூப்பிட முடியாது. எனக்குப் புரிந்த வித்தியாசம் இதுதான்.

சாப்பிட்டு முடித்து, போனில் ரெக்கார்டரைப் போட்டு, “அந்த மீன் பேரெல்லாம் மறுபடி சொல்லுங்க” என்றேன். அம்மாச்சி சொன்னார். ஒவ்வொரு பெயரோடும் ஒரு விவரம் சேர்ந்து வந்தது. எந்த மீன் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும், எது மழைக்கு வாய்க்கால் ஏறும், எதைப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பார்கள், எதை உரசிக் கழுவாவிட்டால் குழம்பு கசக்கும். பக்கத்தில் இருந்த மாமாவுக்கு அதில் பாதி மீன்கள்தான் தெரிந்தன. எனக்குத் தெரிந்தவை மூன்று. அவற்றையும் தட்டில்தான் பார்த்திருக்கிறேன்.

சங்கப் புலவர்கள் அயிரையைப் பாடினார்கள். பாண்டியர் கொடியில் கயல் இருந்தது. பெண்ணின் கண்ணுக்குக் கெண்டையைச் சொன்னார்கள். இரண்டாயிரம் ஆண்டு தாக்குப்பிடித்த பெயர்கள், எங்கள் வீட்டில் மூன்றே தலைமுறையில் மூன்றாகச் சுருங்கிவிட்டன. குளத்தில் மீன் குறைந்ததும் வீட்டில் பெயர் குறைந்தது. பெயரே தெரியாத மீன் காணாமல் போனால் யார் தேடப்போகிறார்கள்?

அந்த ஆடியோ 11 நிமிடம் ஓடுகிறது. கொய்யா வீடியோவோடு அதையும் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு அம்மாச்சியோ தாத்தாவோ இருந்தால், இந்த வாரமே கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள். இன்னொன்று, வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் அலங்கார மீன் அலுத்துப்போனால், தயவுசெய்து ஆற்றிலோ குளத்திலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். கடையில் திருப்பிக் கொடுங்கள், தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது அம்மாச்சி பையில் கொய்யாவைத் திணித்துக்கொண்டே சொன்னார், “அடுத்த தடவை அந்த ஓடைக்கு என்னையும் கூட்டிட்டுப் போ. பாத்துட்டாச்சும் வர்றேன்.”

பயணம் போகிறவர்களுக்கு...

* பழனிக்கு ரயில், பஸ் வசதி உண்டு. அங்கிருந்து ஆயக்குடிக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது. கொய்யா சந்தையைப் பார்க்க அதிகாலையில் போங்கள்.

* வரதமாநதி அணை, பழனி - கொடைக்கானல் சாலையில் மலையேறும் முன்பே வந்துவிடும். அணை நிரம்பியிருந்தால் ஜிலேபிக் குழிகள் தெரியாது. கோடையில் தண்ணீர் இறங்கும்போதுதான் பார்க்கலாம். சேற்றில் இறங்க வேண்டாம்.

* மலைச்சாலையின் இருபுறக் காடும் 2013-ல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டிய பகுதி. யானை, காட்டெருமை நடமாட்டம் உண்டு. ஓடைகளைச் சாலையிலிருந்தே பாருங்கள். அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நுழையாதீர்கள். பிளாஸ்டிக் வேண்டாம்.

* ஓடை மீன்களைப் பார்க்கத் தேவையான ஒரே கருவி, ஐந்து நிமிடப் பொறுமை!